பெரிய மீனுக்கு ஒன்றும் ஆகவில்லை, சரி, குஞ்சுக்கு?

கிருஷ்ணகிரி அணைக்கு உறவுக்காரர்கள் வந்தால் பூங்காவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு நேராக மீன் வறுவல் கடைக்குத்தான் போவோம். அன்றும் அப்படித்தான் போனோம். கரையோரத் தண்ணீர் அடர்ந்த பச்சையாக இருந்தது. அலை வந்து கல்லில் மோதிப் போன இடத்திலெல்லாம் பச்சைப் பெயின்ட் சிந்தியது போல ஒரு படலம் ஒட்டியிருந்தது. லேசான சேற்று நாற்றம் வேறு.

கடையில் பேச்சு அதைப் பற்றித்தான். "மேல இருந்து யாரோ கெமிக்கல் விட்டுட்டாங்க" என்றார் ஒருவர். "பாசிதானே சார், இயற்கையா வர்றது, அது என்ன பண்ணும்?" என்றார் இன்னொருவர். சட்டியில் மீனைத் திருப்பிக்கொண்டிருந்த அக்கா முடிவாகச் சொன்னார்: "ஒரு மீனாவது செத்து மிதக்குதா, பாருங்க. அப்புறம் என்ன?"

கடல் பற்றிய செய்தி வரும்போதும் இதே மூன்று பேச்சுதான் திரும்பத் திரும்ப வருகிறது. நிறம் மாறினால் கெமிக்கல். பாசி என்றால் இயற்கை, ஆகவே ஆபத்தில்லை. செத்த மீன் கண்ணில் படவில்லை என்றால் ஒன்றும் நடக்கவில்லை. மூன்றுமே முழு உண்மை இல்லை. அதிலும் மூன்றாவதுதான் என்னை விடவில்லை. கடலில் பாசி நஞ்சு எளிதில் பாதிக்கக்கூடியது நம் கண்ணுக்கே தெரியாத மீன் முட்டையையும் குஞ்சையும்தான். அவை செத்தால் மிதக்காது, நாறாது, கரை ஒதுங்காது.

கடலே இல்லாத மாவட்டத்தில் உட்கார்ந்துகொண்டு இதை ஏன் எழுதுகிறாய் என்று கேட்கலாம். இதைப் புரிந்துகொள்ளத் தேவையான இரண்டு நல்ல உதாரணங்கள் நம் தர்மபுரி, கிருஷ்ணகிரியில்தான் இருக்கின்றன. ஒன்று நம் பிள்ளைகளின் பல்லில். இன்னொன்று அணையின் மதகில்.

பாசி என்று எதைச் சொல்கிறோம்?

கிணற்றுப் படியில் வழுக்கும் பாசியும், குளத்தில் நூல்நூலாக மிதக்கும் பாசியும் நமக்குத் தெரிந்தவை. இந்தக் கட்டுரையில் வரும் பாசி அதைவிடச் சின்னது. நீரில் மிதந்தபடி, வெயிலை வைத்துத் தன் உணவைத் தானே தயாரித்துக்கொள்ளும் ஓர் உயிரணு. பெரும்பாலும் மைக்ரோஸ்கோப் இல்லாமல் தனித்தனியாகப் பார்க்க முடியாது. இதை நுண்பாசி என்போம்.

நுண்பாசி கெட்டது இல்லை. கடலில் உள்ள அத்தனை உயிர்களுக்கும் சோறு அங்கிருந்துதான் தொடங்குகிறது. உலகத்தில் ஒளிச்சேர்க்கையால் உண்டாகும் ஆக்சிஜனில் ஏறக்குறையப் பாதி கடலில் உள்ள இந்த நுண்ணுயிர்களிடமிருந்து வருகிறது. அவை இல்லாவிட்டால் மத்தியும் இல்லை, நெத்திலியும் இல்லை.

பிரச்சினை எண்ணிக்கையில் தொடங்குகிறது. ராத்திரி அரைத்து வைத்த இட்லி மாவு காலையில் பாத்திரத்தை விட்டு வழிவது மாவில் இருக்கும் நுண்ணுயிர்கள் பெருகியதால். சூடும் சாப்பாடும் கிடைத்தால் ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும். நுண்பாசியும் அப்படித்தான். நல்ல வெயில், அதிகம் கலங்காத நீர், தழைச்சத்து, மணிச்சத்து எல்லாம் சேர்ந்து கிடைத்தால் சில நாளில் நீரின் நிறமே மாறும் அளவுக்குப் பெருகிவிடும். இதுதான் பாசிப்பெருக்கம். சத்து வயல் உரத்திலிருந்து வரலாம், ஊர்ச் சாக்கடையிலிருந்து வரலாம். கடலில் ஆழத்துச் சத்து நீர் மேலே ஏறி வருவதாலும் வரலாம். ஆகவே "கெமிக்கல் விட்டுட்டாங்க" என்றவர் சொன்னதில் ஒரு பாதி நியாயம் இருக்கிறது. கழிவு பாசிக்குச் சாப்பாடாகலாம். ஆனால் அந்தப் பச்சை நிறம் கழிவின் நிறம் இல்லை, உயிரின் நிறம்.

எல்லாப் பாசிப்பெருக்கமும் நஞ்சும் இல்லை. மழை விட்டதும் கரட்டோரம் முளைக்கும் காளானை நினைத்துக்கொள்ளுங்கள். எத்தனையோ வகை இருந்தாலும் சிலதுதான் விஷக்காளான். நுண்பாசியில் ஆயிரக்கணக்கான வகைகள் உண்டு, நஞ்சு தயாரிப்பவை அதில் சிறு பங்குதான். 2019 ஆகஸ்டில் சென்னைக் கடற்கரையில் அலை நீலமாக மின்னியது பலருக்கு நினைவிருக்கும். அதற்குக் காரணமான நாக்டிலூக்கா என்ற நுண்ணுயிர், இனிமேல் நாம் பார்க்கப்போகும் நரம்பு நஞ்சு எதையும் தயாரிப்பதில்லை. ஆனால் அடுத்த மாதமே மன்னார் வளைகுடாவில் அதே இனம் பெருகிக் கடல் பச்சையானபோது மீன்கள் செத்து ஒதுங்கின. நஞ்சு இல்லாமல் எப்படிச் செத்தன?

மூச்சு முட்டிச் சாவது வேறு, நஞ்சால் சாவது வேறு

காவேரிப்பட்டணம் பக்கம் என் மாமா ஒருவர் மாந்தோப்புக்கு நடுவில் பண்ணைக்குட்டை வெட்டிக் கட்லாவும் ரோகுவும் விட்டிருக்கிறார். ஒருநாள் விடியற்காலையில் போன் செய்தார். மீனெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறது, யாரோ மருந்து கலந்துவிட்டார்கள் என்று பதறினார். போய்ப் பார்த்தால் குட்டை பச்சைப்பசேல் என்று இருந்தது. உடனே மோட்டாரைப் போட்டு அதே தண்ணீரை உயரத்திலிருந்து திரும்பக் குட்டையிலேயே விழவிட்டோம். வெயில் ஏறுவதற்குள் முக்கால்வாசி மீன் பழையபடி கீழே இறங்கிவிட்டது.

நடந்தது இதுதான். பாசி பகலில் ஆக்சிஜனை வெளியே விடும். இரவில் வெயில் இல்லாததால் அதுவும் மீனைப் போல ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். பாசி அளவுக்கு மீறி இருந்தால் விடிவதற்குள் தண்ணீரில் ஆக்சிஜன் தீர்ந்துபோகும். பாசி செத்து அழுகும்போதும் அதே கதைதான். மன்னார் வளைகுடாவில் மீன் செத்ததும் பெரும்பாலும் இப்படி மூச்சு முட்டித்தான். இங்கே பெரிய மீன்களே கூட்டமாகச் சாகும். ஊருக்கே தெரியும்.

நஞ்சு வேலை செய்யும் விதம் வேறு. தண்ணீரில் ஆக்சிஜன் இருக்கும், நிறம்கூடப் பெரிதாக மாறியிருக்காது. சில வகைப் பாசிகள் லிட்டருக்குச் சில ஆயிரம் உயிரணு இருந்தாலே அந்த இடத்துச் சிப்பிகள் சாப்பிட லாயக்கில்லாமல் போய்விடும். தண்ணீரோ தெளிவாகத்தான் தெரியும்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: நிறம் மாறியதாலேயே நஞ்சு இருக்கிறது என்று அர்த்தம் இல்லை. நிறம் மாறாததாலேயே நஞ்சு இல்லை என்றும் அர்த்தம் இல்லை. மீன் கூட்டமாகச் செத்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது ஆக்சிஜனை.

நம் பல்லில் இருக்கும் பாடம்

இனி "இயற்கைதானே" என்ற பேச்சுக்கு வருவோம். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இதற்கு விளக்கமே தேவைப்படக் கூடாது. பென்னாகரம், பாலக்கோடு பக்கத்தில் எத்தனையோ பேர் சிரிக்கும்போது கையால் வாயை மறைத்துக்கொள்வதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். பல்லில் மஞ்சளும் பழுப்புமாகக் கறை. எவ்வளவு தேய்த்தாலும் போகாது. காரணம் நிலத்தடி நீரில் உள்ள ஃபுளோரைடு. யாரும் கொண்டுவந்து கொட்டவில்லை, பாறையிலிருந்து தானாகக் கரைந்து வருவது. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது அளவு. அதைத் தாண்டிய தண்ணீரைக் குடிக்கும் நிலையை மாற்றத்தான் ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து, 2013-ல் பயன்பாட்டுக்குத் திறக்கப்பட்டது.

இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். நல்ல தண்ணீர் ஊரில் பிறந்து வளர்ந்து, இருபது வயதில் இந்தப் பக்கம் வாழ்க்கைப்பட்டு வந்த அம்மாவுக்குப் பல் வெள்ளையாகவே இருக்கும். அதே வீட்டில், அதே குடத்துத் தண்ணீரைக் குடித்து வளர்ந்த மகளுக்குக் கறை விழுந்திருக்கும். தண்ணீர் ஒன்றுதான், வித்தியாசம் வயது. ஈறுக்குள் பல் உருவாகிக்கொண்டிருக்கும் காலத்தில், ஏறத்தாழ எட்டு வயதுக்குள், ஃபுளோரைடு அதிகம் போனால்தான் இந்தக் கறை விழும். பல் உருவாகி முடிந்த பிறகு அதே தண்ணீர் பல்லில் கறை போடாது. எலும்பைப் பாதிக்கலாம், அது வேறு. கறை விழுந்த பிறகு நல்ல தண்ணீருக்கு மாறினாலும் விழுந்தது விழுந்ததுதான்.

மீன்குஞ்சுக்கும் பாசி நஞ்சுக்கும் உள்ள உறவும் இதேதான். கட்டிக்கொண்டிருக்கும் வீட்டில் ஈரச் சுவரின் மீது யாராவது சாய்ந்தால் சுவர் கோணிப்போகும். காய்ந்த சுவரில் சாய்ந்தால் சட்டையில் தூசி ஒட்டும், அவ்வளவுதான்.

முட்டையிலிருந்து முதல் சில நாட்கள்

அணைக்குப் பக்கத்தில் அரசு மீன் பண்ணை இருப்பதால் மீன்குஞ்சு வாங்கிய அனுபவம் இங்கே நிறையப் பேருக்கு உண்டு. நுண்மீன் குஞ்சு, இளம் மீன் குஞ்சு, விரல் அளவு வளர்ந்த விரலி என்று அளவு பார்த்து விலை சொல்வார்கள். நுண்மீன் குஞ்சை வெள்ளைக் கிண்ணத்தில் எடுத்துப் பார்த்திருக்கிறீர்களா? முதலில் தண்ணீர் மட்டும்தான் இருப்பது போலத் தெரியும். சற்று உற்றுப் பார்த்தால் இரண்டிரண்டாகக் கருப்புப் புள்ளிகள் துடித்துத் துடித்து நகரும். அந்தப் புள்ளிகள் கண்கள். உடம்பு கண்ணாடி மாதிரி இருப்பதால் தெரிவதில்லை. வயிற்றுப் பக்கம் ஒரு சின்ன உப்பல் இருக்கும். அதுதான் மஞ்சள்கருப் பை, அம்மா கட்டிக்கொடுத்து அனுப்பிய சோற்று மூட்டை. அது தீர்வதற்குள் குஞ்சு தானாக இரை பிடிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். பல கடல் மீன்களுக்கு அதற்குக் கிடைப்பது சில நாட்கள்தான்.

கடல் மீன்களில் பெரும்பாலானவை முட்டையை நீரிலேயே விட்டுவிட்டுப் போய்விடுகின்றன. முட்டை ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் இருக்கும், கடுகைவிடச் சின்னது. மேல்நீரில் மிதக்கும். பாசியும் வெயிலுக்காக அதே மேல்நீரில்தான் இருக்கும். பெரிய மீனுக்குத் தண்ணீர் பிடிக்காவிட்டால் வால் அடித்துக்கொண்டு வேறு பக்கம் போய்விடும். முட்டைக்கு வால் ஏது? நீரோட்டம் கொண்டுபோகும் இடத்துக்குத்தான் அது போக முடியும்.

இன்னும் சில காரணங்கள் உண்டு. பொரிந்த புதிதில் குஞ்சுக்குச் செவுள் முழுதாக வேலை செய்யாது, மெல்லிய தோல் வழியாகவே மூச்சு விடும். ஆக்சிஜன் நுழையும் அந்தத் தோல் வழியாக நஞ்சும் நுழையலாம். உடம்பு சின்னது என்பதால் எடைக்கு ஏற்ப வெளித்தோல் அதிகம். நஞ்சை முறித்து வெளியேற்றும் கல்லீரல் இன்னும் தேறியிருக்காது. வளர்ந்த மீனில் மூளைக்குள் வேண்டாதது போகாமல் காக்கும் தடுப்பும் அதற்கு இன்னும் முழுதாக உருவாகியிருக்காது. சில நஞ்சுகள் தண்ணீரில் எளிதில் கரையாமல் கொழுப்பில் கரையும். மஞ்சள்கருவில் கொழுப்பு நிறைய இருப்பதால் அவை அங்கே போய்த் தங்கிவிடும். குஞ்சு அந்த மூட்டையைத் தின்னத் தின்ன, உள்ளிருந்த நஞ்சும் கொஞ்சம் கொஞ்சமாக உடம்புக்குள் இறங்கும்.

சுருக்கமாக: பெரிய மீனும் குஞ்சும் ஒரே தண்ணீரில் இருந்தாலும் ஒரே நிலைமையில் இல்லை. குஞ்சு தப்பி ஓட முடியாது, நஞ்சை முறிக்க முடியாது. அதன் உடம்பு இன்னும் கட்டி முடிக்கப்படவில்லை.

ஷட்டர் திறந்தே நின்றால், திறக்கவே திறக்காவிட்டால்

இனிமேல்தான் விஷயத்தின் மையம். நஞ்சு உள்ளே போய் என்ன செய்கிறது?

நம் கிருஷ்ணகிரி அணையின் முழு நீர்மட்டம் 52 அடி. ஒரு பக்கம் தண்ணீர் நிற்கிறது, மறுபக்கம் இல்லை. நடுவில் மதகு. ஷட்டரை வேண்டும்போது ஏற்றி, வேண்டிய அளவு விட்டு, இறக்கிவிடுவார்கள். கால்வாய் பிழைப்பதே இந்த ஏற்றி இறக்குவதில்தான்.

நரம்பும் அப்படித்தான் இயங்குகிறது. நரம்பின் ஓர் உயிரணுவை எடுத்துக்கொள்ளுங்கள். வெளியே சோடியம் அதிகம், உள்ளே குறைவு. சோடியம் என்றால் உப்பில் இருக்கிறதே, அதுதான், கரைந்து மின்னேற்றத்தோடு இருக்கும். உயிரணுவின் சுவரில் லட்சக்கணக்கில் நுண்ணிய மதகுகள் உண்டு. மூளை 'வாலை அசை' என்று உத்தரவு போட்டால் அந்த மதகுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திறக்கும், சோடியம் உள்ளே பாயும், உடனே மூடும். எல்லாம் ஒரு வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் முடிந்துவிடும். இப்படித் திறந்து மூடுவது அலைபோல நரம்பு நெடுக ஓடுவதைத்தான் நரம்புச் செய்தி என்கிறோம். தசை சுருங்குவதும் இதயம் துடிப்பதும் இந்த மாதிரி மதகுகள் சொன்னபடி கேட்பதால்தான்.

2017 நவம்பர் கடைசியில் நம் அணையின் ஒரு ஷட்டர் உடைந்தது நினைவிருக்கிறதா? மூட வழி இல்லாமல் தண்ணீர் பாய்ந்து வெளியே போனது. பிரெவிடாக்சின் என்ற நஞ்சு நரம்பு மதகுக்குச் செய்வது ஏறக்குறைய இதைத்தான். மதகைத் தேவையில்லாதபோதே திறந்துவிடும், மூடவும் விடாது. சோடியம் பாய்ந்துகொண்டே இருக்கும். நரம்பு ஓயாமல் கத்தும், தசை ஓயாமல் துடிக்கும், கடைசியில் களைத்துப்போகும். மெக்சிகோ வளைகுடாவில், முக்கியமாக ஃபுளோரிடா கரையில், கடலைச் செம்பழுப்பாக்கும் கரீனியா பிரெவிஸ் என்ற நுண்பாசி இந்த நஞ்சைத் தயாரிக்கிறது.

சாக்ஸிடாக்சின் இதற்கு நேர் எதிர். அலெக்சாண்ட்ரியம் என்ற இனத்தைச் சேர்ந்த சில நுண்பாசிகள் தயாரிப்பது. இது மதகின் வாயில் வந்து தக்கை மாதிரி அடைத்துக்கொள்ளும். மூளை உத்தரவு போடும், மதகு திறக்காது. தசைக்குச் செய்தி போகாது. உடம்பு அப்படியே செயலற்று நின்றுவிடும்.

வளர்ந்த மீனுக்கு இரண்டுமே ஆபத்துதான். ஆனால் அளவு குறைவாக இருந்து, பிழைத்து, நல்ல தண்ணீருக்குப் போய்விட்டால் நஞ்சு விலக மதகுகள் பழையபடி வேலை செய்யும். குஞ்சுக்கு அப்படி இல்லாமல் போவதற்குக் காரணம் இருக்கிறது. கருவில் இருக்கும்போதே அது துடித்துத் துடித்துத்தான் வளர்கிறது. எந்தத் தசை எவ்வளவு இழுக்கிறது என்பதைப் பொறுத்தே முதுகெலும்பு நேராக அமையும். எந்த நரம்பு எந்த நரம்போடு பேசுகிறது என்பதைப் பொறுத்தே மூளையின் இணைப்புகள் உறுதிப்படும். அந்த நேரத்தில் தசை ஓயாமல் ஒரு பக்கம் இழுத்தால் எலும்பு வளைந்தே அமையும். இதயத்தின் துடிப்பு தடுமாறினால் அதைச் சுற்றி நீர் கோத்து வீங்கும். பிறகு நஞ்சு போய்விடும், வளைவு போகாது. பல்லில் விழுந்த கறை மாதிரி.

போலிச் சாவியும் தாய் கொடுத்த பங்கும்

மதகைத் தொடாமல் வேறு வழியில் கெடுக்கும் நஞ்சும் உண்டு. சூடோநிட்சியா என்ற ஊசி வடிவ நுண்பாசி தயாரிக்கும் டோமோயிக் அமிலம் அப்படிப்பட்டது. மூளையில் நரம்புகள் ஒன்றையொன்று தட்டி எழுப்பக் குளூட்டமேட் என்ற பொருளைப் பயன்படுத்துகின்றன. டோமோயிக் அமிலத்தின் வடிவம் அதைப் போலவே இருப்பதால் அதே பூட்டில் போலிச் சாவியாக நுழைந்துவிடுகிறது. நுழைந்து பூட்டைத் திறந்தே வைத்திருக்கும். நரம்பு எழுந்து எழுந்து எரிந்துபோகும். 1987-ல் கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவுப் பகுதியில் விளைந்த சிப்பிகளைச் சாப்பிட்டு நூற்றுக்கும் மேற்பட்டோர் நோயுற்றபோதுதான் இதன் கொடுமை வெளியே தெரிந்தது. சிலர் இறந்தார்கள். சிலருக்கு நினைவாற்றலே போய்விட்டது.

இன்னொன்று சிகுவாடாக்சின். பவளப்பாறைகளில் ஒட்டி வாழும் நுண்பாசியிலிருந்து கிளம்பி, சின்ன மீன், பெரிய மீன் என்று மேலேறும் நஞ்சு. இதுவும் மதகைத் திறந்தே வைக்கும் வகை, கொழுப்பில் கரையும். அதனால் தாய் மீன் தின்ற நஞ்சில் ஒரு பங்கு அவள் சினைக்குப் போய்விடுகிறது. அந்த முட்டை விழும் இடத்தில் பாசிப்பெருக்கமே இல்லாமல் இருக்கலாம். கண்ணாடி போன்ற தண்ணீரிலும் குஞ்சு நஞ்சோடுதான் பிறக்கும்.

ஆய்வகத்தில் கண்டது

நடுக்கடலில் கடுகளவு முட்டையைப் பின்தொடர்ந்து போக முடியாது. அதனால் ஆய்வாளர்கள் பெரும்பாலும் இரண்டு சின்ன மீன்களை வைத்துப் பார்க்கிறார்கள். ஒன்று மெடாக்கா, ஜப்பானின் நெல்வயல்களில் வாழும் மீன். மற்றது ஜீப்ரா மீன், உடம்பில் நீலக் கோடு போட்டுத் தொட்டிக் கடைகளில் விற்குமே, அது நம் நாட்டு ஓடைகளிலேயே வாழ்வது. இரண்டுமே கடல் மீன் இல்லை. ஆனால் முட்டை கண்ணாடி போல இருப்பதால் கருவின் இதயம் துடிப்பதைக்கூட வெளியிலிருந்தே பார்க்கலாம். நரம்பு மதகு எல்லா மீனுக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான்.

மெடாக்கா முட்டைக்குள் பிரெவிடாக்சினை மிக நுண்ணிய ஊசியால் செலுத்திப் பார்த்தார்கள். கரு சில நாள் வளர்ந்ததும் அளவுக்கு மீறித் துடிக்கத் தொடங்கியது. முதுகெலும்பு வளைந்தது. எனக்கு மனதில் நின்றது அடுத்து நடந்தது. மெடாக்கா குஞ்சு வழக்கமாக வால் முதலில் வெளியே வரும்படிதான் பொரியும். நஞ்சு ஏறிய முட்டைகளில் பல தலை முதலில் வந்தன. அளவு இன்னும் கூடியபோது சில குஞ்சுகள் உள்ளே முழுதாக வளர்ந்தும் ஓட்டை உடைத்து வெளியே வர முடியாமல் அங்கேயே முடிந்துபோயின.

சாக்ஸிடாக்சின் கரைந்த நீரில் ஜீப்ரா மீன் குஞ்சுகளை விட்டபோது தொட்டாலும் அசையாமல் கிடந்தன. எடுத்து நல்ல தண்ணீரில் விட்டதும் மறுபடி நீந்தின. அதோடு நிறுத்தியிருந்தால் ஒன்றும் ஆகவில்லை என்றுதான் எழுதியிருப்பார்கள். ஆனால் தொடர்ந்து சில வாரம் கவனித்தார்கள். நஞ்சைச் சந்தித்த குஞ்சுகள் வளர்ச்சியில் பின்தங்கின, பிழைத்து நின்றவையும் குறைவு. ஹெர்ரிங் என்ற கடல் மீனின் குஞ்சுகளும் இதே நஞ்சில் நீந்துவதையும், தொட்டால் விலகுவதையும் இழந்தன. டோமோயிக் அமிலத்தைக் கருவிலேயே சிறிதளவு பெற்ற ஜீப்ரா குஞ்சுகளுக்குப் பிற்பாடு வலிப்பு எளிதில் வந்தது.

இதைப் படித்துவிட்டுக் கடலில் எல்லாக் குஞ்சும் கோணலாகத்தான் பிறக்கிறது என்று யாரும் கிளப்பிவிட வேண்டாம். ஊசியால் முட்டைக்குள் ஏற்றும் அளவும் கடலில் தானாக உள்ளே போகும் அளவும் ஒன்றில்லை. கடலில் நீர் நகர்கிறது, கலக்கிறது, நஞ்சு நீர்த்துப்போகிறது. நஞ்சு எந்த உறுப்பை எப்படித் தொடும் என்பதை ஆய்வகம் காட்டும். எத்தனை குஞ்சைத் தொட்டது என்பதைக் கடலில் போய்த்தான் பார்க்க வேண்டும்.

கடலில் ஏன் யாருக்கும் தெரிவதில்லை?

1976-ல் கனடாவின் ஃபண்டி விரிகுடாவில் வளர்ந்த ஹெர்ரிங் மீன்கள் செத்துக் கிடந்தன. வயிற்றைக் கிழித்துப் பார்த்தபோது அவை தின்றிருந்த மிதக்கும் குட்டி நத்தைகளில் அலெக்சாண்ட்ரியம் நஞ்சு இருப்பது தெரிந்தது. நத்தை பாசியைத் தின்றது, மீன் நத்தையைத் தின்றது. கிழித்துப் பார்க்க ஒரு வயிறு இருந்ததால்தான் காரணம் கிடைத்தது.

குஞ்சு விஷயத்தில் அந்த வசதி இல்லை. நஞ்சேறிய குஞ்சு செத்துத்தான் ஆக வேண்டும் என்றில்லை. தொட்டதும் விலகுவதில் அரை நொடி தாமதம் வந்தால் போதும், வேறு ஏதாவது வந்து விழுங்கிவிடும். முதுகு சற்று வளைந்திருந்தால் இரையை நோக்கிப் பாய முடியாது, மூட்டை தீர்ந்த மூன்றாம் நாள் பட்டினியால் சாகும். பார்ப்பவருக்கு அது பசியால் செத்ததாகவோ வேறு மீன் தின்றதாகவோதான் தெரியும். அது கடலில் தினமும் நடப்பதுதானே? ஒரு தாய் மீன் லட்சக்கணக்கில் முட்டை விடுவதே அதில் பெரும்பங்கு எப்படியும் போய்விடும் என்பதால்தான். அந்தப் பெரிய இழப்புக்குள் நஞ்சால் வந்த இழப்பு ஒளிந்துகொள்கிறது.

எல்லாப் பாசிப்பெருக்கமும் இப்படிக் குஞ்சுகளை அழிப்பதில்லை. மீன் சினை விடும் மாதமும் நஞ்சுப் பாசி பெருகும் மாதமும் ஒரே இடத்தில் சேர்ந்துவிட்டால்தான் சிக்கல். ஒரு வாரம் தள்ளிப்போனால் தப்பிக்கலாம். சேர்ந்துவிட்டாலோ அந்த வருடத்துக் குஞ்சுகள் குறையும். வலையில் அது தெரிய அவை வளரும் காலம் ஆகும், ஒரு வருடம் இரண்டு வருடம்கூட ஆகலாம். அதற்குள் கடல் பழைய நிறத்துக்கு வந்திருக்கும், பாசியை யாரும் நினைத்துக்கூடப் பார்க்க மாட்டார்கள். அதனால்தான் மிக நுண்ணிய வலைகளைக் கடலில் இழுத்து, முட்டையையும் குஞ்சையும் எண்ணி, அதே இடத்துப் பாசியையும் எண்ணிப் பார்க்கும் வேலையைச் சிலர் வருடம் தவறாமல் செய்கிறார்கள்.

நம் தட்டில் இருக்கும் மீன்

இதைப் படித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை கடல் மீன் வாங்கப் பயப்பட வேண்டியதில்லை. மனிதர்களுக்கு ஆபத்து பெரும்பாலும் நீரை வடிகட்டித் தின்னும் சிப்பி வகைகளால்தான் வந்திருக்கிறது. 1981-ல் தமிழ்நாட்டில் மட்டி சாப்பிட்ட மூன்று பேர் இறந்தார்கள். 1997-ல் கேரளத்தின் விழிஞ்ஞத்தில் கல்லுமேக்காய் என்ற சிப்பியைச் சாப்பிட்டு ஏழு பேர் இறந்தார்கள். சமைத்தால் இந்த நஞ்சு போய்விடும் என்பது தவறான நம்பிக்கை, கொதிக்க வைத்தாலும் போகாது. பாசி பெருகியிருக்கிறது என்று செய்தி வந்தால் அந்தக் கரையின் சிப்பியையும், தானாகச் செத்து ஒதுங்கிய மீனையும் தொடாதீர்கள்.

நம் பக்கத்து ஏரி, அணைகளில் பச்சைப் படலம் கட்டினால் அது பெரும்பாலும் நீலப்பச்சைப்பாசி. கடல் பாசியிலிருந்து வேறான கூட்டம். அதில் சில வகைகள் கல்லீரலைக் கெடுக்கும் நஞ்சைத் தயாரிக்கும், அதுவும் கொதிக்க வைத்தால் போகாது. மாடு கன்றை அந்தத் தண்ணீரைக் குடிக்க விடாதீர்கள், பிள்ளைகளைக் குளிக்க விடாதீர்கள். அங்கே பிடித்த மீனாக இருந்தால் குடலையும் ஈரலையும் சுத்தமாக எடுத்துவிடுங்கள்.

அன்று அணைக் கடையில் அந்த அக்காவிடம் இதையெல்லாம் சொல்ல நேரமில்லை, கூட்டம் அதிகம். மாமாவிடம் மட்டும் சொன்னேன். அந்த வருடம் அவர் புதிதாக நுண்மீன் குஞ்சு வாங்கி விடுவதாக இருந்தார். குட்டையில் பெரிய மீன் நன்றாகத்தானே இருக்கிறது என்றார். தண்ணீரை ஒரு கண்ணாடி டம்ளரில் மொண்டு வெயிலுக்கு எதிரே பிடித்துக் காட்டினேன், பச்சைத் தூள் மிதந்தது. கொஞ்ச நேரம் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் பண்ணைக்குப் போன் போட்டு, இப்போதைக்கு வேண்டாம், தண்ணீர் தெளிந்த பிறகு விரலியாக எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார்.